தூக்குக் கைதியின் அறை சாவு வீடல்ல

சிறைச்சாலையில் சமயப் பணி செய்ய நீங்கள் சிலர் பேர் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். போவதற்கு முன்னால் யாராவது உங்களை உட்காரவைத்து வகுப்பெடுப்பார்கள். கைதிக்கு ஆறுதல் சொல்லுங்கள், திருந்தி வாழச் சொல்லுங்கள், மரண தண்டனைக் கைதியாக இருந்தால் அவனைச் சாவுக்குத் தயார்ப்படுத்துங்கள் என்பார்கள். முதல் இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவதை அங்கேயே உதறிவிட்டு எழுந்து வாருங்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வயசான காலத்தில் எதற்கு வம்பு என்று என் மகள் கேட்கிறாள். வம்பு செய்ய எனக்கு வேறு எந்தக் காலம் மிச்சம் இருக்கிறது?

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் பூசாரியாக இருந்தவன் நான். அதோடு சிறைக்குப் போய் நம் ஆட்களைப் பார்த்துவருகிற வேலையும் ஒட்டிக்கொண்டது. முதலில் பதுளையில். பிறகு, மலை இறங்கிப் போக வேண்டிய பெரிய சிறையில் மரண தண்டனை வார்டில் தோட்டத்து ஆட்கள் சிலர் இருக்கிறார்கள், தமிழில் பேச ஒருவரும் இல்லை என்று அங்கேயும் கூப்பிட்டார்கள். வருஷக்கணக்காகப் போனேன். இப்போது முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

நம் நாட்டுத் தூக்குத் தண்டனையைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நீதிபதி விதிப்பார். ஆனால் பல பத்து வருஷங்களாக ஒருவரையும் தூக்கில் போட்டதில்லை. போடுவதில்லைதானே, பிறகென்ன என்று சிலர் சாதாரணமாகக் கேட்பார்கள். சட்டம் அப்படியே இருக்கிறது, தூக்குமேடை இருக்கிறது, மேலே இருப்பவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். உள்ளே இருக்கிறவன் ஒவ்வொரு காலையும் அந்தக் கையெழுத்தை நினைத்துக்கொண்டுதான் வாய் கொப்பளிக்கிறான். கொல்லாமல் சாகடிப்பது என்றால் இதுதான்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் பூசாரியும் இல்லை, குருக்களும் இல்லை. பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருந்த ஒரு மௌலவி. முஸ்லிம் கைதிகளைப் பார்க்க வருவார். முதல் நாள் நான் பக்திப் பாட்டுப் புத்தகத்தையும் திருநீற்றுப் பையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிறை வாசலில் முழித்துக்கொண்டு நின்றேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

"பொஸ்தகத்தப் பைக்குள்ள வைங்க. உள்ள போனதும் சாப்பிட்டியாண்டு கேளுங்க. மவுத்தப் பத்தி, சாவப் பத்தி அவனாப் பேசினா நீங்களும் பேசுங்க. நீங்களா எடுத்துப் பேசினீங்கண்டா அரசாங்கத்துட வேலைய நீங்க செஞ்ச மாதிரி ஆயிரும்."

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவும் இல்லை.

இனி முருகேசு கதை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். ஒரு நாள் குடித்துவிட்டு, தோட்டத்துக் காவல்காரரோடு விறகு வெட்டிய விஷயத்தில் வாய்த்தகராறு வந்து, கையில் இருந்த கவ்வாத்துக் கத்தியால் வெட்டிவிட்டான். மனுஷன் அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். முருகேசு அப்பாவி என்று நான் சொல்லவரவில்லை. வெட்டினான், கொன்றான், அவனே ஒத்துக்கொண்டான். மரண தண்டனை விதித்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்றைக்கே லயத்து வரிசை வீடுகளில் அவனைச் செத்தவனாக முடிவு கட்டிவிட்டார்கள். அவன் மனைவி பாக்கியத்தின் தாலியைக் கழற்றி வைக்கச் சொன்னது அவனுடைய சொந்த அண்ணன். கல்யாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடுவது நின்றது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் எதிரே வந்தால் சிலர் ஒதுங்கி நடந்தார்கள். நீதிபதி எழுதியது ஒரு வரி. மிச்சத்தை நம் ஆட்களே எழுதி முடித்தார்கள்.

அப்படி இருக்கையில்தான் தூக்கை மறுபடி கொண்டுவரப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. தூக்குப் போடுகிற அலுகோசு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், புதுக் கயிறு வரப்போகிறது என்று டிவியில் ஏதோ கோயில் கும்பாபிஷேகச் செய்தி போல வாசித்தார்கள். எங்கள் தோட்டத்திலோ அப்போது திருவிழா. கொடியேற்றி எனக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது.

காப்பு என்றால் மஞ்சள் துண்டு வைத்து வலது மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் நூல். அதை அவிழ்க்கும் வரை பூசாரிக்கு ஒரு பொழுதுச் சாப்பாடு. கவிச்சி கிடையாது. வெளியூரில் தங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சாவு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பெற்ற தாய் செத்தாலும் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காப்புக் கையில் தீட்டுப் பட்டால் திருவிழாவே கெட்டது, அம்மன் தோட்டத்தையே கோபித்துக்கொள்வாள் என்று நம்புகிறவர்கள் நாங்கள். நானும் நம்புகிறவன்தான்.

பாக்கியமும் முருகேசுவின் அண்ணனும் என்னைத் தேடிக் கோயிலுக்கு வந்தார்கள். முருகேசு சாப்பாட்டை நிறுத்திவிட்டான், சுவரைப் பார்த்துப் படுத்தவன் எழும்பவில்லை, பூசாரியை வரச்சொல்லுங்கள் என்று மட்டும் சொல்கிறான் என்று சிறையிலிருந்து அவர்களுக்கு போன் வந்திருந்தது. அண்ணன் வேறு ஒரு யோசனையோடு வந்திருந்தார்.

"தூக்குல போட்டா பிரேதத்தக் குடுக்க மாட்டாங்களாம் சாமி. உள்ளயே பொதச்சிருவாங்களாம். உசுரோட இருக்கையிலயே வாய்க்கரிசி போட்டுக் காரியத்த முடிச்சிட்டீங்கன்னா ஆத்மா அலையாம போயிருமுங்க. அவனும் அதத்தான் கேக்குறானாம்."

நான் பாக்கியத்தைப் பார்த்தேன். "நீ என்னம்மா சொல்ற?"

"எனக்குக் காரியம் கீரியம் ஒண்ணும் வேணாங்க" என்றாள். "அவரு சாப்புடணும். சாப்புட வச்சிட்டு வாங்க, அது போதும்."

அண்ணன் அவளை அதட்டினார். நான் அண்ணனை அதட்டினேன். கோயில் வாசலில் சத்தம் கேட்டுக் கோயில் தலைவர் வந்துவிட்டார். பழைய கங்காணி. என் மேல் நிறையப் பாசம் உள்ளவர், பாசத்தை ஏச்சில்தான் காட்டுவார்.

"என்னா பூசாரி, பேசுறத யோசிச்சுத்தான் பேசுறீங்களா? காப்புக் கையோட தூக்குக் கைதியப் பாக்கப் போறதா? அது சாவு வீடுய்யா."

"அங்க செத்தது யாருங்க?"

"இன்னைக்கில்லன்னா நாளைக்கு."

"அப்பிடிப் பாத்தா நம்ம லயத்துல எந்த வீட்டுக்கு நான் போக முடியும் தலைவரே? உங்க வீட்டுக்குந்தான் போக முடியாது."

அவருக்கு முகம் சிவந்துபோனது. ஏதாவது தீட்டு நடந்தால், மழை பொய்த்தால், யாருக்காவது அம்மை போட்டால், எல்லாம் என் தலையில்தான் விடியும் என்றார். விடியட்டும் என்றேன். அம்மனுக்கு விளக்கேற்றி, "நீயே பார்த்துக்கொள், நான் உயிரோடு இருக்கிறவனைத்தான் பார்க்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். வெலிமடையில் லீக்ஸ் மரக்கறி மூட்டைகளோடு ஏறிய ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். எந்தக் கோயில் திருவிழா என்று கேட்டார். சொன்னேன். எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

சிறை வாசலில் நூலைக் கழற்றச் சொன்னார்கள். மரண தண்டனை வார்டுக்குள் நூல், கயிறு, இடுப்புப் பட்டி எதுவும் போகக் கூடாது என்பது சட்டம். கைதி கழுத்தில் போட்டுக்கொள்வானாம். நான் மாட்டேன் என்றேன். பெரிய ஜெயிலரிடம் கூட்டிப் போனார்கள். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார், என்னைப் பல வருஷமாகத் தெரியும். கெட்ட மனுஷன் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ரூல்ஸ் சாமி. கயிறு உள்ள போக ஏலாது."

"நீங்க புதுசாக் கயிறு கொண்டாரப் போறதா டிவில சொல்றாங்க. நான் ஒரு முழம் நூலு கொண்டு போகக் கூடாதா?"

அவர் மேசை மேல் வைத்திருந்த தன் கையைப் பார்த்தார். அதில் பிக்குமார் ஓதிக் கட்டிய வெள்ளைப் பிரித் நூல் அழுக்கேறிக் கிடந்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் சொன்னார்.

"நூலு இருக்கட்டும். எனக்கு ஒரு உதவி செய்யுங்க. அவன் ஒருத்தன் சாப்பிடாம இருக்கிறதால மத்தவங்களும் கெட்டுப் போறாங்க. நாளைக்கே மேல இருந்து ஓடர் வந்தா வார்டுல கலாட்டா இருக்கக் கூடாது. அவன் அமைதியாப் போகணும். சாமி பேரச் சொல்லி அந்த அமைதிய உண்டாக்கிக் குடுங்க. அதுக்குத்தானே உங்களக் கூப்பிடுறது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. இத்தனை வருஷம் நான் திருநீறும் கையுமாக அங்கே போய்வந்தது இதற்காகத்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோழியை அறுக்கும் முன்னால் தடவிக்கொடுக்கிற கை என்னுடையது.

"ஐயா, சத்தம் போடாம தூக்குல ஏர்றதுக்கு ஆள் பழக்கிக் குடுக்குற வேலைக்கு நான் வரல. அவன் சத்தம் போடட்டும். நானும் கூட நின்னு போடுவேன். அவனச் சாப்புட வைக்க வந்திருக்கேன். அதுக்கு விடுறதுன்னா விடுங்க."

"விடலன்னா?"

"வாசல்ல உக்காந்திருப்பேன். காப்புக் கட்டுன ஆளு. பட்டினி எனக்குப் பழக்கம்."

பூசாரி ஒருவர் சிறை வாசலில் உண்ணாவிரதம் என்று பேப்பரில் வந்தால் என்ன ஆகும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட்டிருக்க வேண்டும். இல்லை, உண்மையிலேயே மனசு இரங்கினாரோ என்னவோ. "போங்க, போங்க. சாப்பிட வைங்க. செத்துட்டா எனக்குத்தான் விசாரணை" என்றார்.

உங்களுக்கும் இந்தக் கட்டம் வரும். அமைதி, அமைதி என்று உங்களிடம் கேட்பார்கள். யாருடைய நிம்மதிக்காகக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கைதிக்காக என்றால் கொடுங்கள். கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு போகப்போகிறவர்களுக்காக என்றால் கொடுக்காதீர்கள்.

முருகேசு தரையில் பாயில் கிடந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பக்கத்தில் அலுமினியத் தட்டில் சோறும் பருப்பும் ஆறிக் கிடந்தன. சாப்பிட்டியா என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் குரல் கேட்டுத் திரும்பாமலே பேசினான்.

"வந்துட்டீங்களா சாமி. ஒரு பிடி வாய்க்கரிசி போட்டுட்டுப் போயிருங்க. பொறவு யாரும் எனக்குச் செய்ய மாட்டாங்க. அவங்க தூக்குறதுக்கு முன்னாடி நானாப் போயிர்றேன்."

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஆன்மா அழியாது என்பதா? அவன் கேட்பதே ஆன்மாவுக்குத்தான். கடவுள் மன்னிப்பார் என்பதா? அவன் மன்னிப்பைக் கேட்கவே இல்லை. கம்பிக்குள் கையை விட்டு அவன் தோளைத் தொட்டேன். அவன் திரும்பினான். என் மணிக்கட்டைப் பார்த்தான். அடுத்த நிமிஷம் சுண்டிவிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தான்.

"ஐயையோ சாமி! காப்போடயா வந்தீங்க? திருவிழா நடக்குதா அங்க?"

"ஆமா."

"காப்புக் கையோட இங்க வரலாமா? தீட்டாயிருமே! என்னா காரியம் பண்ணிட்டீங்க!"

முருகேசு சின்ன வயசிலிருந்து அவன் தோட்டத்தில் கரகம் எடுத்தவன். காப்பின் கட்டுப்பாடு அவன் ரத்தத்தில் ஊறியது. தன் சாவைப் பற்றிக் கவலைப்படாத மனுஷன் என் காப்பைப் பற்றி அப்படிப் பதறினான். எனக்கு அப்போதுதான் என்ன சொல்ல வேண்டும் என்று பிடிபட்டது.

"சாவு வீட்டுக்குத்தான்டா காப்போட போகக் கூடாது. இது என்ன சாவு வீடா? யாரு செத்தா?"

அவன் மறுபடியும் காப்பைப் பார்த்தான்.

"நீ இப்பப் பட்டினி கெடந்து செத்தீன்னா, நான் வந்து போன எடம் சாவு வீடாயிரும். அம்மனுக்கு நீ பதில் சொல்லு. காப்பு கையில இருக்குற வரைக்கும் நீ சாகக் கூடாது. வாய்க்கரிசியும் கெடையாது. காப்புக் கட்டுன கை வாய்க்கரிசி போடாது, ஒனக்குத் தெரியாதா?"

அவன் முழித்தான். பிறகு தட்டை இழுத்து மோந்து பார்த்தான். "இதுல கருவாட்டுத் துண்டு கெடக்கு சாமி. நீங்க விரதம், நான் மட்டும் எப்பிடி" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். "அப்பன்னா நானும் ஒரு பொழுது சாப்புடுறேன்" என்று சொல்லிப் பருப்பில் சோற்றைப் பிசைந்தான். ஒரு பொழுது சாப்பிட்டாலும் சாப்பாடுதானே. பக்கத்து அறையிலிருந்த ஆள் கம்பியோடு காதை வைத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கரகம் யார் எடுக்கிறார்கள் என்று முருகேசு விசாரிக்கத் தொடங்கியபோது, அந்த ஆளும் தன் தட்டை இழுத்துவைக்கிற சத்தம் கேட்டது.

கிளம்பும்போது முருகேசு கேட்டான்: "காப்பு எப்ப சாமி அவுப்பீங்க?"

அந்த இடத்தில் நாக்கைக் கடித்து நிறுத்தினேன். வழக்கமான பதில் என்றால், திருவிழா முடிகிற நாளைச் சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தால் அவன் சாகிற நாளை நானே குறித்துக் கொடுத்ததாகியிருக்கும். "அவுக்கிறதுன்னா ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தான் அவுப்பேன்" என்றேன்.

திருவிழா முடிந்தது. மழை பொய்க்கவில்லை, யாருக்கும் அம்மை போடவில்லை. மஞ்சள் நீராட்டு அன்று எல்லாரும் சுற்றி நிற்க, காப்பை அவிழ்க்கத் தலைவர் கையை நீட்டச் சொன்னார். நான் நீட்டவில்லை. காரணத்தைச் சொன்னேன். பைத்தியம் என்றார்கள். கமிட்டி கூடியது. அடுத்த பூசையிலிருந்து வேறு பூசாரி மணியாட்டினார். வீட்டில் என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வலித்தது, மறைக்கமாட்டேன்.

அதைவிட வலித்தது இன்னொன்று. பதுளை பஸ் நிலையத்தில் ஒரு நாள் ஒரு பெண் எனக்கு முன்னால் வந்து நின்றார். முருகேசு வெட்டிய காவல்காரரின் மனைவி. என் கையையே பார்த்தார்.

"அவனுக்காகக் காப்புக் கட்டியிருக்கீங்களாமே. எம் புருசன் போறப்ப யாருங்க காப்புக் கட்டுனா?"

"யாரும் கட்டலம்மா" என்று மட்டும் சொன்னேன். அவர் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். உங்களிடமும் இப்படி ஒருவர் வந்து நிற்பார். நியாயம் பேசாதீர்கள், நின்று கேளுங்கள். ஆனால் அவர் கேள்விக்குப் பதிலாக இன்னொரு பிணத்தைக் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பிணத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார் என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

என் அக்கா வெலிமடையில் இறந்துபோனாள். என்னைத் தூக்கி வளர்த்தவள். நான் ரோட்டிலேயே நின்றேன். பாடை வெளியே வந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். "எவனோ ஒரு கொலகாரனுக்காகக் கூடப்பொறந்தவ மொகத்தப் பாக்காம நிக்குறானே" என்று மச்சான் ஊரே கேட்கக் கத்தினார். உள்ளே போயிருந்தால் காப்பு கெட்டிருக்கும். போகாமல் நின்றதை எந்தச் சாமி கணக்கில் எழுதும் என்று எனக்குத் தெரியாது.

நூல் இற்றுக்கொண்டு வந்தது. அறுவதற்குள் புதிசு கட்ட வேண்டும். கோயிலில் யாரும் கட்டமாட்டார்கள். பாக்கியம் ஹல்துமுல்லையிலிருந்து மஞ்சள் நூலோடு வந்தாள். தாலி மறுபடி அவள் கழுத்தில் ஏறியிருந்தது. தாலியைக் கழற்றியவள் காப்புக் கட்டலாமா என்று அக்கம்பக்கத்தில் முணுமுணுத்தார்கள். "அவரு இருக்காருங்க. சாப்புடுறாரு. பொறவு நான் எதுக்குத் தாலியக் கழட்டணும்?" என்று அவர்கள் காதில் விழும்படியே கேட்டுவிட்டு, என் மணிக்கட்டில் முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

நீதிமன்றத்துக்குப் போய்ச் சிலர் தூக்குக்குத் தடை வாங்கினார்கள். டிவிக்காரர்களுக்கு வேறு செய்தி கிடைத்தது. பிறகு, கொஞ்சக் காலம் கழித்து, முருகேசுவின் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார்கள். செய்தி வந்த வாரமே, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போனேன். வேறு வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். உடம்பு தேறியிருந்தான். நான் கையை நீட்டினேன்.

"ஒங்கிட்டச் சொல்லிட்டு அவுக்கிறேன்னு சொன்னேன்ல. இப்பச் சொல்றேன். நீயே அவுரு."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். முடிச்சில் விரல் வைத்தான். அப்படியே நிறுத்திவிட்டான்.

"எனக்கு மட்டுந்தானே சாமி மாத்துனாங்க" என்றான். "எம் பக்கத்து அறைக்காரரு இன்னும் அந்த வார்டுலதான் இருக்காரு. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு ஒழுங்காச் சாப்புடுறாராம். போயி அவருகிட்டச் சொல்லிட்டு அவுருங்க பாப்போம்."

நான் அந்த மனுஷனிடம் போனேன். அவர் என் கையைப் பார்த்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

இதை எழுதுகிற கையில் காப்பு இருக்கிறது. ஆகையால் எங்கள் தோட்டத்தில் இழவு விழுந்தால் எனக்குச் சொல்லி அனுப்பாதீர்கள், வரமாட்டேன். அந்த வார்டுக்கு மட்டும், உங்களில் யாராவது கைபிடித்துக் கூட்டிப் போனால், இந்த முழங்காலோடு நாளைக்கே வருகிறேன்.